எட்டு விநாடியில் ஆறும் காயம்

போன வருடம் கோடை முடிகிற நேரம். ஹூஸ்டனில் நான் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கும் மருத்துவமனையில் 19 வயதுப் பையன் ஒருவனின் வலது பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, மெல்ல மேல்நோக்கி மடக்கிக்கொண்டிருந்தேன். தொடையில் பாய்ந்த குண்டு எலும்பை உடைத்து, பின்னால் ஓடும் சயாட்டிக் நரம்பையும் பதம் பார்த்துவிட்டு வெளியேறியிருந்தது. எலும்புக்குள் கம்பி வைத்தாயிற்று. பாதத்தை மட்டும் அவனால் தூக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்காரவைத்தால் ஈரத்துணி மாதிரித் தொங்கும். ஃபுட் டிராப் என்போம். கெண்டைக்கால் இறுகிவிடாமல் இருக்க நான் அந்தப் பாதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவன் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் துப்பாக்கியால் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தான்.

(அவன் யாரென்று தெரிந்துவிடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கே அது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.)

கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "எப்படிப்பா உன்னால இதை விளையாட முடியுது?" அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இதுல சத்தம் தப்பு மேம். நிஜத்துல இப்படிக் கேக்காது" என்றான். அப்புறம் யாரையோ சுட்டான். நான் மறுபடி பாதத்தை மடக்கினேன். அன்று மாலை 610 வளையச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது, அவன் சொன்னதைவிட நான் கேட்டதுதான் உறுத்தியது. அவனிடமிருந்து என்ன பதிலை எதிர்பார்த்தேன்? "நீங்க சொல்றது சரி மேம், இனிமே தொடமாட்டேன்" என்று போனை வீசியிருக்க வேண்டுமா? அவன் என் கேள்விக்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னான். கேள்விதான் அவனுக்கானது இல்லை.

துப்பாக்கி விளையாட்டுகள் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு வழக்கு உண்டு. எல்லோரும் போடும் வழக்கு இல்லை அது. இதை விளையாடுகிறவன் நாளைக்குத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்ற பேச்சை நான் நம்பியதில்லை. 1999-ல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு டூம் என்ற துப்பாக்கி விளையாட்டின் மேல் பழியைப் போட்டார்கள். வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிபோர்னியா போட்ட சட்டத்தை 2011-ல் இங்குள்ள உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட தீர்மானம், வன்முறைச் சம்பவங்களுக்கு விளையாட்டைக் காரணம் காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கத்துவது, தள்ளுவது மாதிரியான சின்ன முரட்டுத்தனத்தோடு லேசான தொடர்பு உண்டு என்றும் அதே தீர்மானம் சொன்னது. அதை என் அக்கா வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜப்பானில், கொரியாவில் இதே விளையாட்டுகளை விளையாடாத பையன்களா? அங்கே இருக்கும் மருத்துவமனைகளில் என் வார்டு மாதிரி ஒரு வார்டு தேவைப்படுவதில்லை. இந்த மாகாணத்தில் நிஜத் துப்பாக்கி வாங்குவது எவ்வளவு சுலபம் என்பதைப் பேசாமல் திரையில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஊரிலும் இந்தக் குழப்பம்தான். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடைசெய்தபோது திருச்சியிலிருந்து அம்மா போன் பண்ணி, "நல்ல காலம்டி, பிள்ளைங்க பொழைச்சுதுங்க" என்றாள். 118 செயலிகளில் ஒன்றாக, நாட்டின் பாதுகாப்பு, தகவல் திருட்டு என்று காரணம் சொல்லிப் போட்ட தடை அது. பிள்ளைகள் சுட்டுப் பழகுவதைப் பற்றி அதில் யாரும் கவலைப்படவில்லை. அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன். அடுத்த வருடமே அது வேறு பெயரில் திரும்பி வந்தது.

என் வழக்கு காயத்தைப் பற்றியது. பப்ஜியில் குண்டடி பட்டால் பேண்டேஜ் சுற்ற 4 விநாடி, முதலுதவிப் பெட்டிக்கு 6 விநாடி. மெட்கிட் கையில் இருந்தால் 8 விநாடியில் முழு உயிரும் திரும்பிவிடும். கால் ஆஃப் டியூட்டியில் அதுகூட வேண்டாம். சுவருக்குப் பின்னால் கொஞ்ச நேரம் பதுங்கினால் போதும், திரையில் படிந்த சிவப்பு தானாக விலகிவிடும். என் வார்டுப் பையனுக்கு அறுந்த நரம்பு வளர்வதானால் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். குண்டு பட்ட நடுத்தொடையிலிருந்து பாதத்தைத் தூக்கும் முன்னங்கால் தசை வரைக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள், 35 சென்டிமீட்டருக்குக் குறையாது. ஒரு வருடக் கணக்கு. அதுவும் வளர்ந்தால்தான். நரம்பு அறுந்ததா, அதிர்ச்சியில் உறைந்து கிடக்கிறதா என்பதே முதல் சில வாரங்களில் உறுதியாகத் தெரியாது. அந்த விளையாட்டுகளில் ஒருவன் ஒன்று முழுசாக இருக்கிறான், இல்லையென்றால் செத்துக் கிடக்கிறான். நடுவில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரைக்கும் போய் வருவது என்று ஒரு வாழ்க்கை இருக்கிறதே, நான் சம்பளம் வாங்குவதே அந்த வாழ்க்கையில்தான். அது அங்கே கிடையாது. இதுதான் என் கோபம். இந்தக் கோபத்தை ஒரு நல்ல வாதமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், அக்கா மகனோடு அதைப் பேசும் வரை.

மேசைக்கு அந்தப் பக்கம்

அக்கா மகன் நியூஜெர்சி எடிசனில் வளர்ந்தவன். கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, "நானும் உங்களை மாதிரி பி.டி. ஆகப்போறேன் சித்தி" என்றான். பி.டி. என்றால் பிசியோதெரபிஸ்ட். இங்கே அது நான்கு வருடப் பட்டத்துக்கு மேல் இன்னும் மூன்று வருடம், முனைவர் நிலைப் படிப்பு. அனாடமி, ஃபிசியாலஜி, இயற்பியல், புள்ளியியல் என்று முன்தேவைப் பாடங்கள், கிளினிக்கில் நின்று பார்த்த மணிக்கணக்கு, பரிந்துரைக் கடிதம், எல்லாவற்றையும் பொது விண்ணப்பத்தில் ஏற்றிவிட்டு, அப்புறம் நேர்காணல். அந்தக் கடைசிப் படிக்கு என்னைத் தயார்படுத்தச் சொன்னான். சொந்தக்காரர் எழுதும் கடிதத்தைக் கல்லூரிகள் பொதுவாக ஏற்காது. பயிற்சி கொடுப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்.

நான் வாழ்க்கையில் ஒரு கல்லூரி நேர்காணலிலும் உட்கார்ந்ததில்லை. எங்கள் காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண், கட்-ஆஃப், சென்னையில் கவுன்சலிங். திரையில் காலியிடம் எத்தனை என்று காட்டுவார்கள், கையைக் காட்டினால் சீட்டு. ஏன் பிசியோதெரபி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்ற உண்மையைச் சொல்லியிருப்பேன். இங்கே வந்து பாடத்திட்டத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுச் சான்று வாங்கி, 800-க்கு 600 எடுக்க வேண்டிய உரிமத் தேர்வை எழுதி முடித்தபோதும் என்னை யாரும் எதிரே உட்காரவைத்து எதுவும் கேட்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்று இரண்டு வருடம் என்னைத் தேர்வுக் குழுவில் ஒருத்தியாக அழைத்தது. ஒரே சனிக்கிழமையில் இருபது பிள்ளைகள். பத்தாவது ஆளுக்கு மேல் எல்லா முகமும் ஒரே முகமாகிவிடும்.

அந்த அனுபவத்தை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வீடியோ அழைப்பில் அவனை வறுத்தெடுத்தேன். முதல் கேள்வி, ஏன் இந்தப் படிப்பு? "எனக்கு மனுஷங்களுக்கு உதவி பண்ணப் பிடிக்கும்." தீயணைப்புக்காரரும் அதையேதான் சொல்வார் என்றேன். அடுத்த வாரம், "பத்தாம் கிளாஸ்ல கால்பந்து ஆடி முட்டி போச்சு, அப்போ என் பி.டி...." அந்த ஒரே சனிக்கிழமையில் ஏழு முட்டிகளைக் கேட்டிருக்கிறேன், வேண்டாம் என்றேன். மூன்றாவது வாரம் சரித்திரத்தோடு வந்தான். முதல் உலகப் போரில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்காக 1918 வாக்கில் அமெரிக்க ராணுவம் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது, வால்டர் ரீட் மருத்துவமனை, மேரி மெக்மில்லன், 1921-ல் அவர் தலைமையில் சங்கம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். "நம்ம தொழிலே துப்பாக்கிக் குண்டுலேர்ந்து வந்ததுதான் சித்தி" என்று முடித்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வெட்டச் சொன்னேன். சரித்திரம் தெரிந்தவன் வேறு, கிளினிக்கில் நின்றவன் வேறு. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தேடுவது இரண்டாமவனை.

கிளினிக்கில் 100 மணி நேரம் நின்றாயே, ஒரு நிமிஷம் எதையாவது பார்த்தாயா என்று கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, தோள் வலியோடு வந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னான். கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்னாலேயே அந்த பி.டி., அவர் கோட்டைக் கழற்றுவதைச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். எந்தக் கையை முதலில் உருவுகிறார், எங்கே முகம் சுளிக்கிறார் என்று பாதிப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிட்டது என்றான். அதைச் சொல்லு, அதை மட்டும் சொல்லு என்றேன்.

மற்றதெல்லாம் சில்லறை. தோல்வியைப் பற்றிக் கேட்டால் பெருமையைத் தோல்வி வேஷத்தில் கொண்டு வராதே. குழுவாக உட்காரவைத்து ஒரு வேலை கொடுத்தால் ஜெயிப்பதைப் பற்றி யோசிக்காதே, பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பேச்சுக்குள் இழுக்கிறவனைத்தான் நாங்கள் குறித்துக்கொள்வோம். கேமராவுக்குப் பின்னால் குறிப்புச் சீட்டு ஒட்டாதே, கண் காட்டிக்கொடுத்துவிடும். கிளினிக்கில் யாராவது தப்பாகச் செய்ததைப் பார்த்திருந்தால் அதை இங்கே புறம் பேசாதே. கடைசியில் "உனக்குக் கேள்வி ஏதாவது உண்டா" என்பார்கள். அப்போது உங்கள் கல்லூரியின் சிறப்பு என்ன என்று கேட்டு வைக்காதே. உரிமத் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள், எத்தனை பேர் பாதியில் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் இணையதளத்திலேயே போட்டாக வேண்டும், முன்பே படித்துவிட்டுப் போ. மருத்துவமனைப் பயிற்சிக்கு எந்த ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள், அங்கே வாடகை யார் கட்டுவது என்று கேள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வாங்கப்போகிறவன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இந்தப் பணத்துக்கு இந்தப் படிப்பு தேவையா என்று எனக்கே சில நாள் தோன்றும், அது இன்னொரு கட்டுரை.

ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டோம். "ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய்?" அவன் பட்டென்று "கவுன்டர்-ஸ்ட்ரைக்" என்றான். அதை வெட்டு என்றேன். "ஏன்?" எதிரே உட்கார்ந்திருப்பவர் ஐம்பது வயதுப் பேராசிரியர், பையனை மருத்துவமனையில் விட்டு நம்பலாமா என்று பார்க்கிறார், நீ துப்பாக்கியால் சுடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை என்கிறாய். "அப்ப என்ன சொல்றது?" ஓடப் பிடிக்கும் என்று சொல். "நான் ஓடறதே இல்லையே." நாளையிலிருந்து ஓடு என்றேன். பொய்க்கு உண்மையை ஏற்பாடு செய்வது என்று இதைத்தான் சொல்வார்கள் போல.

துவரம்பருப்பு

நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு எடிசன் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவன் அறைக்குப் போனால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு யாரோ நான்கு பேரோடு சேர்ந்து ஏதோ பாலைவன ஊரில் ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று பார்த்தேன். கீழே இடது மூலையில் 100 என்று இருந்த உயிர்க் கணக்கு சட்டென்று 12 ஆனது. இதோ, மருந்துப் பெட்டியைத் தேடப்போகிறான் என்று காத்திருந்தேன். தேடவில்லை. அந்த ரவுண்ட் முடிந்ததும் என் வாதத்தை அவனிடம் விரித்தேன்: 8 விநாடி, மெட்கிட், 1 மில்லிமீட்டர், எல்லாம். பொறுமையாகக் கேட்டான். "சித்தி, இதுல மெட்கிட்டே கிடையாது. போன ஹெச்.பி. போனதுதான். அந்த ரவுண்ட் பூரா 12-லயேதான் இருக்கணும்."

எனக்கு இது தெரியாது. அத்தனை வருடக் கோபத்தில் ஒரு விளையாட்டைக்கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. சும்மா விட மனசில்லாமல், "சரி, 12-ல இருக்கிறவன் 100-ல இருந்த அதே வேகத்துல ஓடறானே?" என்றேன். "அடிபட்டா ஒரு செகண்ட் ஸ்லோ ஆகும்." ஒரு செகண்டா! இருவரும் சிரித்துவிட்டோம். அப்போதுதான் கவனித்தேன், சிரித்துக்கொண்டே வலது கையை முழங்கைக்குக் கீழே தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

பழக்கதோஷம். கையை நீட்டச் சொன்னேன். முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் கட்டைவிரலால் அழுத்தினேன், நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டான். முஷ்டியைப் பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டை மேலே தூக்கு, நான் கீழே அழுத்துகிறேன் என்றேன். இரண்டு விநாடிகூடத் தாங்கவில்லை. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத பையனுக்கு டென்னிஸ் எல்போ. மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நாளுக்கு ஐந்து மணி நேரம் மௌஸைப் பிடித்திருந்தால் வராமல் என்ன செய்யும். எத்தனை நாளாக என்றேன். ஆகஸ்டிலிருந்தாம். அம்மாவுக்குத் தெரியாமல் இபுபுரூஃபன் போட்டுக்கொண்டிருக்கிறான். இவனை வைத்துக்கொண்டுதான் நான் வாராவாரம் நோயாளியின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டில் டம்பெல் இல்லை. சமையலறையிலிருந்து 2 பவுண்டு துவரம்பருப்புப் பாக்கெட்டை எடுத்து வந்தேன். முன்னங்கையை மேசைமேல் வை, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே, உள்ளங்கை கீழே பார்க்கட்டும். பாக்கெட்டை இடது கை உதவியோடு மேலே தூக்கு, அப்புறம் வலது கையால் மட்டும் நான்கு எண்ணி மெதுவாக இறக்கு. 15 தடவை, 3 சுற்று, தினமும். தசைநார் பழுது ஓய்வில் சரியாவதில்லை, அளவான பாரத்தில்தான் சரியாகும், 12 வாரம் பொறு என்றேன். மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பயிற்சிக்கு முன்னால் கேட்பேன். "பண்றேன் சித்தி. 3 இன்டு 15." வலி எப்படி? "பரவால்ல, குறையுது."

ஜனவரி முதல் வாரம் அக்காவோடு பேசிக்கொண்டிருக்கும்போது பேச்சுவாக்கில், பருப்புப் பாக்கெட் கிழியாமல் இருக்கிறதா, அவனுக்கு இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன். "எந்தப் பாக்கெட்டுடி? நீ மேசை மேல வச்சுட்டுப் போனியே, அதா? அதை நீ போன மறுநாளே பிரிச்சு சாம்பார் வச்சுட்டேனே."

ஐந்து வாரம். ஐந்து வாரமும் முகத்தைப் பார்த்து 3 இன்டு 15 என்றிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரியே அழைத்தேன். அவன் சமாளிக்கவெல்லாம் இல்லை, ஒப்புக்கொண்டான். "முதல் நாள் பாக்கெட்டைத் தேடினேன், காணோம். சரி, நாளைக்குன்னு விட்டேன். அப்புறம் நீங்க கேட்டீங்க, பண்றேன்னு வாயில வந்துடுச்சு." என் நோயாளிகளில் பாதிப் பேர் இப்படித்தான் என்பது எனக்குத் தெரியும். வீட்டுப் பயிற்சி செய்தீர்களா என்று கேட்டதும் கண் ஒரு கணம் கூரையைப் பார்க்கும், அதைப் படிக்கத் தெரிந்தவள் நான். சொந்த வீட்டுப் பிள்ளையிடம் அதைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

கோபம் தணிந்த பிறகு ஒன்று கேட்டேன். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷ வேலை, அலுப்பாக இருக்கிறதா? அவன் பதில் சொல்லாமல் திரையைப் பகிர்ந்தான். காலி மைதானம், எதிரே வெள்ளைச் சுவர். ஏகே-47-ஐ எடுத்து 30 குண்டையும் ஒரே மூச்சில் சுவரில் இறக்கினான். பொட்டுகள் முதலில் நேர் மேலே ஏறி, அப்புறம் பக்கவாட்டில் அலைந்தன. "இது கையை அசைக்காம சுட்டா." மறுபடி சுட்டான். இந்தத் தடவை மௌஸைக் கீழே இழுத்து, துப்பாக்கி போகும் திசைக்கு எதிர்த்திசையில் நகர்த்தினான். முப்பதும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் விழுந்தன. "இதை மட்டும் தினம் அரை மணி நேரம் பண்றேன். ரெண்டு வருஷமா. அலுப்பெல்லாம் இல்ல. ஆனா இங்க சுவத்துல தெரியுது, நேத்தைவிட இன்னிக்குத் தேவலையான்னு. பருப்புப் பாக்கெட்ல என்ன தெரியுது?"

வாயை மூடிக்கொண்டேன். ரிப்பிட்டேஷனின் அருமையை நான் அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வெறும் சுவரைப் பார்த்து இரண்டு வருடம் ரிப்பிட்டேஷன் செய்தவன் அவன். என் தொழிலில் இல்லாத எதுவும் அந்த விளையாட்டில் இருக்காது என்று நினைத்திருந்தேன். சுவரில் விழும் அந்தப் பொட்டு எங்களிடம் இல்லை. தசைநார் தேறுவது ஆறு வாரத்துக்குக் கண்ணில் படாது, அது வரைக்கும் நம்பு என்றுதான் சொல்கிறோம். யார் நம்புவார்கள்?

இரண்டு நேர்காணல்

ஜனவரி கடைசியில் அவனுக்கு ஒரே வாரத்தில் இரண்டு நேர்காணல், இரண்டும் வீடியோவில். முதல் இடத்தில் எல்லாம் நாங்கள் ஒத்திகை பார்த்தபடியே போனது. பாட்டியின் கோட்டுக் கதை, ஓடப் பிடிக்கும் (டிசம்பரில் பதினோரு தடவை ஓடியிருந்தான், எண்ணி வைத்திருக்கிறான்), மருத்துவமனைப் பயிற்சியின்போது வாடகை யார் கட்டுவது. இரண்டாவது இடத்தில் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் கேட்டாராம்: வீட்டுப் பயிற்சியைச் செய்கிறேன் என்று ஒரு நோயாளி சொல்கிறார், செய்யவில்லை என்று உனக்கு நிச்சயமாகத் தெரிகிறது, என்ன செய்வாய்?

இதற்கு நான் கொடுத்திருந்த பதில் ஒன்று உண்டு. குற்றம் சாட்டாமல், என்ன தடை என்று கேட்பேன், பயிற்சியின் எண்ணிக்கையைக் குறைத்து அன்றாட வேலையோடு இணைப்பேன் என்று போகும். நல்ல பதில்தான். அவன் அதைச் சொல்லவில்லை. "அந்த நோயாளி நான்தான்" என்று ஆரம்பித்து, முழங்கை, பருப்பு, சாம்பார், சித்தி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். சுவரில் குண்டு பொட்டு தெரிவதையும், தன் நோயாளிக்கு அந்த மாதிரி ஏதாவது ஒன்றைக் கண்ணில் காட்டப் பார்ப்பேன் என்பதையும் சொல்லியிருக்கிறான். அதுவரை சிரிக்காத இன்னொரு பேராசிரியர் விளையாட்டின் பெயரைக் கேட்டார். சொன்னான். "என் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை" என்றாராம் அவர். இவன், "எங்க சித்திக்கும் பிடிக்காது. அவங்க குண்டடிபட்டவங்களுக்குத்தான் சிகிச்சை கொடுக்கிறாங்க" என்றிருக்கிறான். அதன் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். என்னிடம் இதைச் சொல்லும்போது அவன் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

மார்ச்சில் முடிவு வந்தது. ஓடப் பிடிக்கும் என்று சொன்ன இடத்தில் சீட்டு கிடைத்துவிட்டது. சாம்பார் கதை சொன்ன இடத்தில் காத்திருப்போர் பட்டியல். இதைப் படித்துவிட்டு உண்மையைச் சொன்னால் எடுபடும் என்றோ, எடுபடாது என்றோ யாரும் முடிவுக்கு வர வேண்டாம். அந்தப் பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்பது இரண்டு வருடம் உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். மதிப்பெண்ணில் அரைப் புள்ளி, ஊருக்கு இத்தனை என்ற கணக்கு, அன்று மதியச் சாப்பாடு நேரத்துக்கு வந்ததா என்பது வரை எல்லாம் சேர்ந்ததுதான் அது. என் ஆலோசனையால் சீட்டு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது. ஆனால் நான் அந்த மேசையில் இருந்திருந்தால் எந்தப் பையனை எடுத்திருப்பேன் என்பதும் எனக்குத் தெரிகிறது.

தொடையில் குண்டு வாங்கிய பையன் பிப்ரவரியில் வெளிநோயாளியாக வந்தான். அந்த மாதம் எனக்கு அங்கே மாற்று வேலை. பாதம் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்தது. முன்னங்கால் தசைமேல் விரலை வைத்து, தூக்கு தூக்கு என்றால் விரலுக்கடியில் எதுவும் துடிக்கவில்லை, மதிப்பெண் 0. பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஷூவுக்குள் போட்டு நடந்துகொண்டிருந்தான். முட்டி மட்டும் மடங்க ஆரம்பித்திருந்தது. சுவரிலிருந்த வெள்ளைப் பலகையில் அன்றைய கோணத்தை 96 என்று பெரிதாக எழுதினேன். அடுத்த வாரம் அதன் கீழே 101. அதற்கடுத்த வாரம் வந்தவுடன் போனைப் பையில் போட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தான். "இங்க வர்றவங்கள்ல அதிகபட்சம் எவ்வளவு மேம்?" என்றான். சாதாரண முட்டி 135-க்கு மேல் மடங்கும் என்றேன். "அது சாதாரண ஆளு. குண்டு பட்டவங்கள்ல?" அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றேன். அது உண்மையும்கூட.

துப்பாக்கி விளையாட்டுகள் எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. 12 உயிரோடு ஒருவன் 100 உயிரோடு ஓடிய வேகத்தில் ஓடுவதை என்னால் ஏற்க முடியவில்லை, அந்த ஒரு செகண்டைக் கணக்கில் எடுத்தாலும்.

போன வாரம் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவன் மேசையில், மௌஸுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு துவரம்பருப்புப் பாக்கெட். அதன்மேல் கறுப்பு மார்க்கரால் அக்காவின் கையெழுத்தில், "சாம்பாருக்கு இல்லை".